பல் தெரியும் தூரம்

இந்தப் பனிக்காலத்தில் ஒன்பது நாடகம் பார்த்தாயிற்று.
நான்கு தேறும்.
ரீகாவில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.
இங்கே எந்த நாடகத்துக்கும் பூங்கொத்தோடுதான் வருகிறார்கள்,
நன்றாயில்லாவிட்டாலும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.
காசு கொடுத்து வாங்கிய பூவை
வீட்டுக்கா திரும்பக் கொண்டுபோவது?

கோட்டைக் கொடுத்து எண்வில்லை வாங்கி
சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றி
பையிலிருந்து நல்ல செருப்பை எடுத்து மாட்டும்போதே
எனக்குப் பாதி மன்னிப்பு வந்துவிடும்.
மீதிப் பாதியை அவர்கள்தான் சம்பாதிக்க வேண்டும்.

நவம்பரில் அந்தக் கண்ணாடிப் பெட்டி.
குடும்பம் முழுக்கக் கண்ணாடிக்குள்ளே,
பேச்சு மட்டும் ஒலிபெருக்கி வழியாக.
இரண்டாம் அங்கத்தில் அம்மா செத்தாள்,
கண்ணாடியோரம் முகம் வைத்துக் கிடந்தாள்,
கண்ணாடியில் ஆவி படிந்து, மறைந்து, படிந்து.
பிணம் மூச்சுவிட்டதை ஊரே பார்த்தது.
ஒரு விமர்சகர் அதற்கு
'நினைவின் ஈரம்' என்று பெயர் வைத்தார்.

கடலைப் பற்றிய இசை நாடகம்:
கடல் நன்றாக நடித்தது.

துறைமுகக் கிடங்கில் ஒன்று,
மூன்றரை மணி நேரம் நின்றுகொண்டே பார்க்க வேண்டும்.
இயக்குநருக்கு இருபத்தாறு வயது,
தனக்கு முட்டி இருப்பதே அவனுக்கு இன்னும் தெரியாது.
இடைவேளை கிடையாது. நாற்காலி கேட்டேன்,
'இது அனுபவம்' என்றாள் வாசலில் நின்ற பெண்.
கிளம்பலாமென்று எண்வில்லையைத் தடவியபோது
கிரேன் ஓட்டுபவளாக வந்தவள்
ஒரு வார்த்தை பேசாமல்
வேகவைத்த முட்டையொன்றை உரித்துத் தின்றாள்.
ஓட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.
அவ்வளவு தனியாக ஒருத்தி சாப்பிட்டு
எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை.
முட்டி வலி டிராமில் ஏறிய பிறகுதான் திரும்பி வந்தது.

பல் செய்வது என் தொழில்,
மெழுகும் பிளாஸ்டரும் பீங்கானுமாக முப்பத்தோரு வருடம்.
ஆகவே மூன்றாம் வரிசைக்கு அப்பால் உட்காருவதில்லை.
சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டதா
கடைவாய் வரைக்கும் போயிற்றா
என்பது அங்கிருந்துதான் தெரியும்.
பக்கத்து இருக்கை ஜித்ரா கதைக்கு அழுவாள்.
நான் கடிமானம் பார்ப்பேன்.

பிப்ரவரியில்
காட்டை விற்கும் தகப்பனாக விஸ்வல்திஸ் க்ரூக்லிஸ்.
எழுபத்தொன்பது வயது. மேல் பல்வரிசை என் கைவேலை.
முதல் வரியிலேயே 'ஸ' விசிலடித்தது.
அந்த நாடகம் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்,
இரண்டு அங்கம் முழுக்க
ஒரே ஓர் எழுத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்,
உள்ளங்கை வியர்க்க.

மூன்றாம் அங்கத்தில் மகனைச் சபிக்க வேண்டும்.
கிழவர் முதுகைக் காட்டித் திரும்பினார்,
கை வாய்வரை போய்ச் சட்டைப் பைக்குள் இறங்கியது.
மறுபடி முகம் காட்டியபோது
கன்னம் இரண்டும் உள்ளே விழுந்திருந்தன.
பொக்கை வாயால் சபித்தார்.
ஒரு சொல்லும் முழுதாய் வரவில்லை,
சாபம் பாதியில் கெஞ்சலாகி
மீண்டும் சாபமாகி
எது எதுவென்று அவருக்கே தெரியாமல் போயிற்று.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
அன்று சொல் போன பிறகுதான்
அரங்கில் இருமல்கூட நின்றது.

மறுநாள் பத்திரிகையில் இயக்கத்தைப் பாராட்டியிருந்தார்கள்.

திங்கட்கிழமை
கைக்குட்டையில் சுருட்டிய பல்வரிசையோடு பட்டறைக்கு வந்தார்.
'ஈறு புண்ணாகிவிட்டது,
வலி பொறுக்காமல் கழற்றிவிட்டேன், கோபிக்காதே.'
மயிரிழை அளவு ராவினேன். மாட்டிப் பார்த்தார்.
ஸ, ஸி, ஸு.
கச்சிதம்.

கதவருகே போய் நின்றார்.
தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்:
'வியாழக்கிழமையும் அந்த இடத்தில்
கழற்றச் சொல்கிறான் டைரக்டர்.
இப்போது வலியே இல்லையே,
எப்படிக் கழற்றுவது?'

பதில் தெரியவில்லை. ராவிய தூளை ஊதிக்கொண்டிருந்தேன்.

வியாழனுக்கு மூன்றாம் வரிசை தீர்ந்துவிட்டதாம்.
பால்கனியில் வாங்கியிருக்கிறேன்,
பல் தெரியாத தூரத்தில்.